கறுப்பு நூல் மீது விழுந்த பழி

நிறக் கோட்பாடு என்றதும் ஓவியர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கோட்பாட்டின் முக்கியமான ஒரு பகுதி துணியிலிருந்து, அதுவும் ஒரு தொழிற்கூடத்தில் எழுந்த முறைப்பாட்டிலிருந்து பிறந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. துணி வடிவமைப்பைக் கற்க விரும்புவோரிடம் கொடுக்கப்படும் கைநூல்கள் பெரும்பாலும் நிறச் சக்கரத்தோடு தொடங்கி நிறச் சக்கரத்தோடே முடிந்து விடுகின்றன. துணியிலிருந்து பெறப்பட்ட அறிவு, துணியை மறந்துவிட்டு, நெய்பவரிடமும் தைப்பவரிடமும் திரும்பி வருகிறது. இந்த மறதியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

பாரிஸ் நகரின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் கோப்லன் திரைச்சீலைத் தொழிற்கூடம் இருக்கிறது. பியேவ்ர் ஆற்றங்கரையில் சாயமிட்டு வந்த ஒரு குடும்பத்தின் பெயர் அது. 1662இல் அது அரச தொழிற்கூடமாயிற்று. 1824இல் அங்கு சாயப் பிரிவின் பொறுப்பாளராக இரசாயனவியலாளர் மிஷெல் எஜேன் ஷெவ்ரல் நியமிக்கப்பட்டார். கொழுப்புப் பொருட்கள் பற்றிய ஆய்வில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர் அவர். அங்கு அவரிடம் வந்த முறைப்பாடுகளில் ஒன்று கறுப்புச் சாயம் பற்றியது. நீல, ஊதா ஆடைகளின் மடிப்புகளில் நிழல் காட்டுவதற்கு நெய்யப்பட்ட கறுப்பு, கறுப்பாகவே தெரியவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. குற்றம் சாயமிடுபவர் மீதே விழுந்தது.

ஷெவ்ரல் சாயத்தைச் சோதித்தார். பிரான்சின் பிற தொழிற்கூடங்களிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் கறுப்புக் கம்பளி மாதிரிகளைப் பெற்று ஒப்பிட்டார். கோப்லனின் கறுப்பு எதற்கும் குறைந்ததாக இருக்கவில்லை. அப்படியானால் பிழை சாயத்தில் இல்லை, கறுப்புக்கு அருகில் வைக்கப்பட்ட நிறத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். இந்தத் தேடலின் விளைவுதான் 1839இல் வெளிவந்த, நிறங்களின் உடனிகழ் முரண் பற்றிய அவரது பெருநூல்.

அதன் சாரத்தை எளிமையாகச் சொல்லலாம். இரண்டு நிறங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது கண் அவற்றின் வேறுபாட்டைப் பெருப்பித்துக் காட்டுகிறது. வெளிறியது இன்னும் வெளிறும், கருமையானது இன்னும் கருக்கும். அத்துடன் ஒவ்வொரு நிறமும் தன் நிரப்பு நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மீது ஏற்றுகிறது. நீலத்தின் அருகிலுள்ள கறுப்பின் மீது செம்மஞ்சள் சாயல் படிய, கறுப்பு வலுவிழந்து துருவேறியது போலாகிறது.

அந்நூலில் எங்களை அதிகம் நிறுத்திவைத்தது இன்னொரு வழக்கு. துணி வியாபாரிகள் சிலர் சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்து, அவற்றில் கறுப்புக் கோலங்களை அச்சடிக்கக் கேட்டிருக்கிறார்கள். துணி திரும்பி வந்தபோது, சிவப்பின் மீது கோலம் பச்சையாகவும், ஊதாவின் மீது பச்சை கலந்த மஞ்சளாகவும், நீலத்தின் மீது செம்பு நிறமாகவும் தெரிகிறது, கறுப்பு எங்கே என்று அச்சடித்தவர்களோடு சண்டை. ஷெவ்ரல் வெள்ளைத் தாளால் துணியின் தளத்தை மறைத்துக் கோலம் மட்டும் தெரியும்படி செய்து காட்டினார். கோலம் கறுப்பாகவே இருந்தது.

பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்து றெஸ்ரோரண்ட் குசினிகளில் நிற்கும் எங்களுக்கு இந்த வழக்கின் பெறுமதி தெரியும். மேசையிலிருந்து திரும்பி வரும் தட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி எங்கள் நாளாந்தக் கேள்வி. ஷெவ்ரலின் நூலை நாங்கள் முதலில் ஒரு தீர்ப்பாகவே வாசித்தோம். ஒரு கோட்பாடு தொழிலாளியின் பக்கம் நின்று சாட்சி சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆயினும் அந்தச் சாயக்காரர்களின், அச்சடித்தவர்களின் பெயர்களை இக்கோட்பாட்டைப் போதிக்கும் எவரும் சொல்வதில்லை. கோட்பாட்டுக்கு ஷெவ்ரலின் பெயர். அதைப் பயன்படுத்திப் புகழடைந்தவர்களாகச் சூரா முதலான ஓவியர்களின் பெயர்கள்.

ஷெவ்ரலிடமும் நாம் உடன்பட முடியாத ஒரு பகுதி உண்டு. கண் எப்படிப் பார்க்கிறது என்று விளக்கியவர், எது அழகு என்று விதிக்கவும் முற்படுகிறார். எந்தத் தோல் நிறத்துக்கு எந்த உடை பொருந்தும் என்று அறிவுரை வழங்குகிறார். முன்னது சோதித்துப் பார்க்கக்கூடியது. பின்னது அக்காலத்து வரவேற்பறையின் ருசி. இவை இரண்டும் ஒரே நூலில், ஒரே குரலில் வருவதால் ருசியும் விதியாக வேடம் பூணுகிறது. அவருக்கு முன்னர் 1810இல் வெளிவந்த தன் நிற நூலில் கோதே இன்னும் வெளிப்படையாகப் பேசியிருந்தார். பளிச்சென்ற நிறங்களை விரும்புவோர் நாகரிகமடையாத இனத்தவரும் கல்லாதோரும் குழந்தைகளும் என்றும், பண்பட்டோர் அவற்றைத் தவிர்ப்பர் என்றும் அவர் கருதினார். நம் பெண்கள் கல்யாண வீட்டுக்கு உடுத்திக்கொண்டு மெத்ரோவில் ஏறும்போது அவர்கள் மீது படும் பார்வைக்குப் பின்னால் இந்த நீண்ட கல்வி இருக்கிறது.

உண்மையில் ஷெவ்ரலின் விதி இந்தப் பார்வைக்கு ஆதரவாக இல்லை. அரக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் கொண்ட காஞ்சிபுரப் பட்டை எடுத்துக்கொள்வோம். சிவப்பும் பச்சையும் நிரப்பு நிறங்கள். அகலமான பரப்புகளாக அவை சந்திக்கும்போது ஒன்று மற்றதை உயர்த்துகிறது. அது ருசிக்குறைவல்ல, கணக்கு. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, எல்லாம் எம் முன்னோர் அறிந்ததே என்று நெஞ்சை நிமிர்த்துவதும் சோம்பேறித்தனமே. அந்தக் கணக்கைப் போட்ட நெசவாளரின் பெயரை நாமும் குறித்துவைக்கவில்லை. நெசவைச் சாதியோடு கட்டிவைத்து, புடைவையைப் போற்றி, நெய்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையது. கோப்லனின் சாயக்காரருக்காகப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

துணியில் நிறத்தைக் கற்பவர் முதலில் அறியவேண்டியது சக்கரத்தை அல்ல, அகலத்தை என்பது எங்கள் கருத்து. எங்களிடம் தறி இல்லை. லாச்சப்பல் கடைகளில் வாங்கிய தையல் நூலை அட்டைத் துண்டுகளில் சுற்றிப் பார்த்தோம். நீலத்தையும் செம்மஞ்சளையும் இரண்டு விரல் அகலப் பட்டைகளாகச் சுற்றினால் இரண்டும் எரிகின்றன. அதே நூல்களை ஓர் இழை விட்டு ஓர் இழையாகச் சுற்றிச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் இரண்டும் அணைந்து, மங்கிய மண்நிறம் ஒன்றே மிஞ்சுகிறது. நூல் மாறவில்லை, சாயம் மாறவில்லை. அகன்ற பட்டையில் நிறங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நுண்ணிய இழையில் ஒன்றோடொன்று கலக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்துப் பச்சை பெற்ற அறிவும் இங்கு கைகொடுக்காது. குழைத்த வர்ணத்தில் இரண்டு பொருட்களும் சேர்ந்து ஒளியை விழுங்குகின்றன, எஞ்சுவது பச்சை. பாவு மஞ்சளாகவும் ஊடை நீலமாகவும் நெய்யும்போது ஒவ்வோர் இழையும் தன் ஒளியைத் தனியே அனுப்ப, கண் அவற்றின் சராசரியை எடுக்கிறது. அதனால் கிடைப்பது அந்தப் பச்சையல்ல, சாம்பல் படிந்த ஒன்று. ஓவியருக்கான சக்கரத்தை நெசவாளர் கையில் கொடுத்தால் நேரும் முதல் விபத்து இதுவே.

யோசப் அல்பேர்ஸ் 1963இல் வெளியிட்ட, நிறங்களின் ஊடாட்டம் பற்றிய நூல் இந்த இடத்தில் நமக்கு நெருங்கி வருகிறது. அவர் கோட்பாட்டிலிருந்து தொடங்குவதில்லை. ஒரே நிறத்தாளை இரண்டு தளங்களில் வைத்து இரண்டு நிறமாகத் தோன்றச் செய் என்று மாணவரிடம் கேட்கிறார். செய்து பார்த்த பிறகே விளக்கம். பெட்சோல்ட் என்ற ஜேர்மன் அறிஞர் கண்டறிந்ததையும் அவர் எடுத்துச் சொல்கிறார்: ஒரு கம்பளத்தில் ஒரேயொரு நிறத்தை மாற்றினால் முழுக் கம்பளமும் மாறியது போலத் தோன்றும். கறுப்புக் கோடுகள் ஓடுமிடத்தில் வெள்ளையை ஓடவிட்டால் பிற நிறங்களெல்லாம் வெளிறும். எல்லா நூலையும் மீண்டும் சாயத்தில் தோய்க்க வசதியில்லாத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

ஆனால் அல்பேர்ஸின் கருவி தாள். தாளுக்கு மினுக்கமோ தடிப்போ கிடையாது. ஒரே சாயத்தில் தோய்த்த பட்டும் கம்பளியும் பருத்தியும் மூன்று நிறமாகத் தெரிவதையும், மயில்கழுத்துப் பட்டு மடிப்புக்கு மடிப்பு பச்சையும் நீலமுமாகப் புரள்வதையும் தாளில் கற்க முடியாது. இக்குறையை நிரப்பியவர்கள் அவர் இருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியின் நெசவுப் பெண்களே. அங்கு பெண்கள் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டார்கள். கண்ணாடிப் பட்டறைக்குப் போக விரும்பி நெசவுக்கு வந்த அன்னி அல்பேர்ஸ், 1965இல் நெசவு பற்றி எழுதிய நூலில், தொடுகையின் உணர்வுக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்.

அதே பட்டறையைச் சேர்ந்த ஒட்டி பேர்கர் இன்னும் முன்னதாக, 1930இலேயே, துணியைக் கைகளால் அறியவேண்டும் என்று எழுதியவர். காது சரியாகக் கேளாதவர். தான் வடிவமைத்த துணிக்குத் தன் பெயரிலேயே காப்புரிமை பெற்றவர். யூதரென்பதால் 1936இல் ஜேர்மனியில் தொழில் செய்யும் உரிமை மறுக்கப்பட்டது. 1937இல் இலண்டன் சென்றார். மொழி வசப்படாமல் நிலையான வேலை கிடைக்கவில்லை. அமெரிக்கா செல்ல முயன்றும் விசா கிட்டவில்லை. 1938இல் நோயுற்ற தாயைப் பார்க்க யூகோஸ்லாவியா திரும்பியவர் 1944இல் அவுஸ்விட்ஸில் கொல்லப்பட்டார். யோசப்பும் அன்னியும் 1933இலேயே அமெரிக்காவுக்குப் போய், அங்கு கற்பித்து, எழுதி, நூல்களாக நிலைத்தார்கள். எந்த அறிவு நூலாக நிலைக்கிறது என்பதை விசாவும் தீர்மானிக்கிறது. இதை அகதிகளுக்கு விளக்கவேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த நம்மிடையே வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். சட்டைக்குக் கரை பொருத்தும்போது வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, கசக்கிப் பார்த்து அவர்கள் எடுக்கும் முடிவை நாம் கைராசி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். ஷெவ்ரல் சாயக்காரர் மீதான முறைப்பாட்டைக் காது கொடுத்துக் கேட்டது போல, யாராவது இவர்களிடம் ஏன் இந்தக் கரை என்று கேட்டு, சொன்னவரின் பெயரோடு எழுதி வைக்கவேண்டும். தமிழில் துணிக்கான நிறக் கோட்பாடு ஒன்று எழுதப்படுமானால் அது அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கமுடியும்.