வரலாற்றுத் திகில் மர்ம ஆட்டங்கள்: கொங்கு நோக்கில் ஒரு மதிப்பீடு

வரலாற்றுத் திகில் மர்ம ஆட்டம் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சாலும் பகடையாலும் நடத்தப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒரு வகை. நாலைந்து பேர் ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி முடிவெடுப்பர். ஒருவர் கதை நடத்துநராக இருந்து, அவர்கள் காண்பதையும் கேட்பதையும் சொல்வார். ஐயமான இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். நடத்துநர் கையில் வைத்திருக்கும் நூலைக் கதைத்திட்டம் எனலாம். அது நாவல் அன்று, நாடகமும் அன்று. இடம், ஆட்கள், தடயங்கள், மறைந்திருக்கும் உண்மை ஆகியவை மட்டும் அதில் இருக்கும். முடிவை ஆடுவோரே உண்டாக்குவர்.

தோற்றம்

பாத்திரமேற்பு விளையாட்டை வணிக வடிவில் தொடங்கிவைத்தது 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் வாளேந்திய வீரர்கள் அரக்கர்களை வென்று புதையல் எடுப்பர். 1981இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு' இந்தப் போக்கை மாற்றியது. சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய இந்த ஆட்டம் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்டின் (1890–1937) கதைகளை அடிப்படையாகக் கொண்டது. இதில் ஆடுவோர் வீரர்கள் அல்லர். பேராசிரியர், செய்தியாளர், மருத்துவர் போன்ற சாதாரண மனிதர்கள். காலம் பெரும்பாலும் 1920கள். எதிரியை வெல்வதைவிட, நடந்தது என்ன என்று கண்டறிவதே நோக்கம்.

வகையின் வலிமை

இந்த ஆட்டத்தில் துப்பாக்கி சுடும் திறனுக்கு உள்ளதைப்போல, நூலகத்தைப் பயன்படுத்தும் திறனுக்கும் தனி மதிப்பெண் உண்டு. பழைய செய்தித்தாள் நறுக்கு, கடிதம், பதிவேட்டின் ஒரு பக்கம் ஆகியவை அச்சிட்ட தாள்களாகவே ஆடுவோர் கையில் தரப்படும். இரண்டு ஆவணங்கள் முரண்படும்போது எதை நம்புவது என்று அவர்களே வாதிட வேண்டும். வரலாறு கற்கும் மாணவர் செய்ய வேண்டியதும் இதுதான்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. முக்கியமான தடயத்தைத் தேடும்போது பகடை தவறி விழுந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். கென்னத் ஹைட் எழுதி 2008இல் வெளிவந்த 'டிரெயில் ஆஃப் கதுலு' இதற்கு விடை தந்தது. ராபின் லாஸ் வகுத்த விதிமுறையின்படி, உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் அடிப்படைத் தடயம் கட்டாயம் கிடைக்கும். தடயம் கிடைப்பதில் மர்மம் இல்லை, அதை எப்படிப் பொருள்கொள்வது என்பதிலேயே மர்மம் உள்ளது என்பது இதன் கருத்து. இது இந்த வகையில் ஏற்பட்ட முக்கியமான திருத்தம்.

வகையின் குறை

1984இல் லாரி டிடில்லியோ, லின் வில்லிஸுடன் இணைந்து எழுதிய 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப்' இவ்வகையின் பெருங்கதைத்திட்டமாகப் போற்றப்படுகிறது. 1925இல் நியூயார்க்கில் எழுத்தாளர் ஒருவர் கொல்லப்படுகிறார். அவரது நண்பர்கள் லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என உலகம் முழுதும் துப்புத் தேடிச் செல்கின்றனர். கதைப்பின்னல் செறிவானது. ஆனால் நூல் காட்டும் இரகசியக் கொலைகாரக் குழுக்கள் எகிப்து, ஆப்பிரிக்கா, சீனா ஆகியவற்றின் வழிபாடுகளைச் சார்ந்தவை. புலனாய்வோர் பெரும்பாலும் மேலைநாட்டினர். அவர்களுக்குப் புரியாத மொழியில் பாடப்படுவதே அச்சத்தின் முதல் அடையாளமாகிவிடுகிறது.

நூலுக்குள்ளேயே இதற்கு மாற்றாக ஓர் இடமும் உண்டு. கென்யாவில் நடந்த படுகொலைக்குத் தொடர்பில்லாத பழங்குடியினர் மீது பழி சுமத்தித் தூக்கிலிட்டதாகக் கதை சொல்கிறது. குடியேற்ற ஆட்சியின் நீதி எப்படிப்பட்டது என்ற கேள்வி அங்கே எழுகிறது. எனினும் கதை அந்தக் கேள்வியில் நிற்பதில்லை. அசுர தெய்வத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

இக்குறையின் வேர் லவ்கிராஃப்டின் இனவெறுப்பில் உள்ளது. 1928இல் வெளிவந்த அவரது மூலக்கதையிலேயே தீய வழிபாட்டினர் வெள்ளையர் அல்லாதவராகவும் கலப்பினத்தவராகவும் காட்டப்படுகின்றனர். இதற்கு எதிர்வினையாகக் கிறிஸ் ஸ்பைவி 2017இல் 'ஹார்லெம் அன்பவுண்ட்' நூலைக் கொண்டுவந்தார். 1920களின் ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பின மக்களையே அது புலனாய்வோராக்கியது. அவர்களுக்கு இனவெறி நாள்தோறும் சந்திக்கும் அச்சம். அசுர தெய்வம் அதற்குப் பிறகே வருகிறது. லவ்கிராஃப்டின் உலகை விலக்காமல், அதைப் பார்க்கும் கண்ணை மட்டும் மாற்றியதே இந்நூலின் சாதனை.

கோவையில் வைத்துப் பார்த்தல்

இவ்வகை ஆட்டம் விரும்பும் அதே காலத்தில் கோவையும் மாறிக்கொண்டிருந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கிய நூற்பாலைத் தொழில் வளர்ந்தது. பீளமேட்டில் 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தோன்றியது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. இந்த வளர்ச்சிக்கு நடுவே பிளேக் என்னும் கொள்ளைநோயும் நகரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது.

1896இல் பம்பாயில் பரவிய பிளேக் 1898இல் மைசூர் அரசை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் பலரைக் கொன்றது. 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கிருமியைக் கண்டறிந்தார். எலித் தெள்ளுப்பூச்சி வழியாக அது பரவுகிறது என்று 1898இல் கராச்சியில் சிமோன் ஆய்ந்து சொன்னார். ஆனால் அக்கருத்து ஏற்கப்படச் சில ஆண்டுகள் ஆயின. ஆக, 1903இல் எலி செத்து விழுந்த வீட்டைப் பார்த்து நின்றவருக்கு எதிரி யார் என்பது உண்மையிலேயே தெரியாத மர்மம். பருத்திப் பொதியா, தானியக் கிடங்கா, ரயிலில் வந்திறங்கிய பயணியா? கற்பனை அசுரனைச் சேர்க்காமலே ஒரு கதைத்திட்டத்துக்குத் தேவையான எல்லாம் இங்கே உள்ளன.

இந்நோயை ஒட்டிக் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. அவற்றில் இன்றும் வழிபாடு நடக்கிறது. 2021இல் இருகூர் காமாட்சிபுரி ஆதீனம் 'கொரோனா தேவி' சிலையை நிறுவியபோது இந்த மரபே முன்னுதாரணமாகப் பேசப்பட்டது.

ஊரில் பிணங்கள் விழுகின்றன. நோயின் பெயரிலேயே புதிய தெய்வம் ஒன்று எழுகிறது. நள்ளிரவில் உடுக்கை ஒலிக்கிறது, ஒருவர் அருள் வந்து ஆடுகிறார். பழைய பாணிக் கதைத்திட்டம் இவற்றைக் கண்டால் உடனே 'இரகசியக் குழு' என்று குறித்துக்கொள்ளும். கொங்கு மக்களுக்கோ அவள் நோயைத் தந்தவளாகவும் நோயிலிருந்து காப்பவளாகவும் ஒருசேர நிற்பவள். அவள் முன் கூடியவர்கள் சதிகாரர்கள் அல்லர், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அந்நியர் கண்ணுக்குத் திகிலாகத் தெரிவது உள்ளூரார் கண்ணுக்குக் காவல். பூளைமேடு என்பதே பீளமேடு ஆயிற்று என்பர். அந்தப் பூளைப்பூவை வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துப் பொங்கலுக்கு முன்நாள் காப்புக் கட்டுவது கொங்கு வழக்கம். காப்பு என்ற சொல்லை அறியாமல் இந்நிலத்தில் திகில் கதை எழுத முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதன்று. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்: விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடரில் கருப்பசாமி அச்சமும் ஊட்டுகிறார், நீதியும் வழங்குகிறார். செய்வது தெய்வமா, மனிதக் கையா என்ற கேள்வியே அங்கு மர்மம். தெய்வம் தீயது என்ற முடிவு முன்கூட்டி எடுக்கப்படுவதில்லை.

மனத்தெளிவும் படுகளமும்

'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்தின் புகழ்பெற்ற விதி மனத்தெளிவுப் புள்ளி. கொடுமையைக் காணும்தோறும் அது குறையும். மறைபொருளை எவ்வளவு அறிகிறாரோ, அந்த அளவுக்கு அதன் உச்சவரம்பும் தாழும். அறிவு மனிதனைச் சிதைக்கும், சிதைவோ தனி ஒருவருக்கு உரியது என்பது இதன் உட்பொருள்.

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதை வேறொரு வழியைக் காட்டுகிறது. உடுக்கையடித்து இரவுகள் தோறும் பாடப்படும் இக்கதையைக் கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் பதிவு செய்தார். வீரப்பூரிலும் கொங்கு ஊர்கள் பலவற்றிலும் நடக்கும் படுகளச் சடங்கில், பார்க்க வந்தவர்களே போரில் மாண்ட வீரர்களாகத் தரையில் விழுவர். பின்பு நீர் தெளித்து எழுப்பப்படுவர். இதுவும் பாத்திரமேற்புதான். ஆனால் இது ஆட்டம் அன்று, வழிபாடு. இதை ஆட்டத்தோடு சமன்செய்வது பிழை. எனினும் ஒரு வேறுபாட்டை எடுத்துக்கொள்ளலாம். விழுந்தவரை ஊர் எழுப்புகிறது. இழந்த மனத்தெளிவை உறவும் சடங்கும் மீட்டுத் தரும் என்றொரு விதி இருந்தால், கோவைக் கதைத்திட்டம் இந்த மண்ணுக்கு உரியதாகும்.

எல்லை

1946 சனவரி 8 அன்று சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஆண்டுதோறும் அவர்களுக்கு நினைவஞ்சலி செலுத்தப்படுகிறது. இத்தகைய நிகழ்வின் பின்னே ஓர் அசுரனை நிறுத்தும் கதைத்திட்டம் இரண்டு தவறுகளைச் செய்கிறது. செய்தவர்களின் பொறுப்பை அசுரன் மீது ஏற்றுகிறது, இறந்தவர்களின் நோக்கத்தை அவர்களிடமிருந்து பறிக்கிறது. பிளேக் கிருமிக்கு நோக்கம் இல்லை, ஆகவே அதற்கு முகம் தரலாம். மனிதர் செய்த கொடுமைக்கு முகம் ஏற்கெனவே உண்டு. அதை மூடக் கூடாது.

மதிப்பீடு

வரலாற்றுத் திகில் மர்ம ஆட்டம் ஆவணத்தை வாசிக்கவும் ஐயப்படவும் கூடி வாதிடவும் பழக்குகிறது. அச்சத்தை யார் மீது ஏற்றுகிறது என்பதே அதன் தரத்தை முடிவு செய்கிறது. அந்நியரின் வழிபாட்டின் மீது ஏற்றினால் பழைய வெறுப்பைப் புதிய தலைமுறைக்கு விளையாட்டாகக் கற்றுத்தரும். அறியாமை, நோய், அதிகாரம் ஆகியவற்றின் மீது ஏற்றினால் வரலாற்றுக்கு நேர்மையாக இருக்கும். கோவை மாணவர்கள் தங்கள் ஊரை வைத்துக் கதைத்திட்டம் எழுத முனைந்தால், கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்தைச் சந்தேகப்படுவோராக எழுதாமல், அக்கூட்டத்தில் நிற்போரையே புலனாய்வோராக எழுதிப் பார்க்கலாம். எலி ஏன் செத்தது என்ற கேள்வியை முதலில் கேட்டிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம்.