கிரகணக் குறிகள்: வளையமா, வளையலா?

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோயம்புத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. அதைக் குறிக்க ஆப்களிலும் செய்திப் படங்களிலும் நான் பார்த்த ஐகான்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: நடுவில் கருப்பு வட்டம், சுற்றிலும் நல்ல தடிமனாக மஞ்சள் வளையம். பார்க்க அழகுதான். ஆனா அது நம்ம ஊரில் தெரிந்த வளையம் இல்லை, வளையல்.

கணக்குப் போட்டுப் பாருங்க. அன்றைக்குச் சந்திரனின் தோற்ற விட்டம் சூரியனுடையதில் சுமார் 97 சதவீதம். மிச்சம் 3, இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் ஒன்றரை. 24 பிக்சல் ஐகானில் இது 0.36 பிக்சல், அதாவது அரை பிக்சல்கூடத் தேறாது. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பக்கம் தெரிந்தது வேற ரகம். அப்போ சந்திரன் 92 சதவீதம்தான். அதே ஐகானில் வளையம் ஒரு பிக்சலைத் தொடும். ஆக ஒரு பிக்சல் கோடு நியாயமான சமரசம். நான்கு பிக்சல் எந்தக் கிரகணத்துக்கும் பொருந்தாது.

இதைவிடப் பெரிய கோளாறு சந்திர கிரகணத்துக்கு மூன்றாம் பிறையைப் போடுவது. கிரகணம் வருவதே பௌர்ணமியில், அன்னிக்கு ஏதுங்க மூன்றாம் பிறை? வடிவமும் வேறு. பிறையின் இரண்டு கொம்புகளும் எப்பவும் விட்டத்தின் இரு முனைகளில் நிற்கும். உள்விளிம்பு அரை நீள்வட்டம். கிரகணத்தில் உள்விளிம்பு பூமி நிழலின் ஓரம். அந்த நிழல் சந்திரனைப் போல 2.6, 2.7 மடங்கு அகலம். சந்திரனை 24 பிக்சலில் வரைந்தால் கடிக்கிற வட்டம் 64 பிக்சல் அளவு இருக்கணும். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சாட்சி இந்த வளைவுதான். அதைப் போய் ஒரே அளவு வட்டத்தை நகல் எடுத்துக் கடிக்க விடுகிறார்கள். முழு கிரகணத்துக்குக் கருப்பு வட்டமும் தப்பு. 2025 செப்டம்பர் 7 இரவு மொட்டை மாடிக்குப் போனவர்கள் பார்த்தது செம்பு நிறம்.

கடி எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஐகான்களில் பெரும்பாலும் நேர் வலப்பக்கம். நமக்குக் காலைச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். அதனால் அதன் மேற்கு விளிம்பு மேலே பார்த்தபடி இருக்கும். 2019-ல் சந்திரன் முதலில் தொட்டது உச்சியில், கொஞ்சம் வலது சாய்ந்து.

2022-ல் வந்த யூனிகோட் 15-ல் மறைப்புக்கு ஒன்று, சந்திர கிரகணத்துக்கு ஒன்று என்று இரண்டு குறிகள் சேர்ந்தன. கோள்கள் சேர்வதையும் எதிர்நிற்பதையும் காட்டும் பழைய குறிகளின் வட்டத்தைக் கருப்பாக்கிய வடிவங்கள். தர்க்கம் சரி, ஆனா தெரியாதவருக்கு ஒன்றும் விளங்காது. தமிழில் நாள், மாதம், வருடத்துக்கு ௳, ௴, ௵ உண்டு. கிரகணத்துக்கு யூனிகோட் தமிழில் குறி இல்லை.

நம்மிடம் இருப்பது பாம்பு. கோவில் விதானங்களில் வட்டத்தை விழுங்க வரும் பாம்பைப் பார்த்திருப்பீர்கள். பகுத்தறிவு பேசி இதை ஒதுக்குவது அவசரம் என்பேன். ராகு, கேது என்பவை சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். சந்திரன் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால், அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அமாவாசை வந்தால்தான் சூரிய கிரகணம். 2010-ல் அது ராகு, 2019-ல் கேது. பஞ்சாங்கம் 'கேது கிரஸ்தம்' என்று இரண்டே சொல்லில் இதைச் சொல்லிவிடும். ஏன் ஒவ்வொரு அமாவாசைக்கும் கிரகணம் இல்லை என்ற கேள்விக்குப் பாம்பில் பதில் இருக்கிறது, மஞ்சள் வளையத்தில் இல்லை.

இப்போ நான் வரைந்து வைத்திருப்பது ஒரு பிக்சல் வளையமும், ராகுவானால் தலை, கேதுவானால் வால் என்று ஓரத்தில் ஒரு சுழியும். 64 பிக்சலில் நன்றாகவே இருக்கு. 16 பிக்சலில் பாம்பு புழுவாகிவிடுகிறது.