விடுதலை பெற்றவரும் விடாத ஏடும்

அஹ்னாப் ஜஸீமின் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதி 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. மன்னார்க் கரையின் சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து வந்து, புத்தளம் மாவட்டத்தில் தமிழ் கற்பித்த இளைஞர் அவர். வன்முறையைக் கண்டிக்கும் அக்கவிதைகளைத் தீவிரவாதப் போதனை என்று வாசித்தவர்கள் விமர்சகர்கள் அல்லர், புலனாய்வுத் துறையினர். கவிதையில் பேசும் குரலையே கவிஞனின் வாக்குமூலமாகக் கொள்வது நம் மாணவர்க்கும் நேரும் பிழைதான். அவர்களுக்குச் சில மதிப்பெண்கள் குறையும். இங்கோ 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது நேர்ந்தது. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆயிற்று. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

வழக்கு அத்துடன் முடிந்தது, ஏடு முடியவில்லை. 2025 மே மாதம் வெளியான வர்த்தமானிப் பட்டியலில் அவர் பெயர் மீண்டும் நிற்கிறது. 1968ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளே இதற்கு ஆதாரம். பெயர் ஏறினால் பணமும் சொத்தும் முடங்கும். ஏற்றும் வழியும் இறக்கும் வழியும் பாதுகாப்பு அமைச்சின் ஊடாகவே செல்கின்றன.

இலக்கிய மாணவர்கள் இப்பட்டியலையும் ஒரு பிரதியாகவே வாசிக்க வேண்டும் என்போம். நீதிமன்றத்தில் ஒரு வாசிப்புக்கு எதிர்வாசிப்பு உண்டு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கோப்பில் அதிகாரி ஒருவரே எழுத்தாளர், அவரே வாசகர், அவரே திறனாய்வாளர். கவிதையை மறுபதிப்பில் திருத்தலாம். கோப்போ பதிப்புத் தோறும் பழைய பிழையையே அச்சேற்றுகிறது.

பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் சட்டம், சிறு தண்டனை பெற்றவனின் பழைய குற்றத்தைக்கூடக் குறித்த காலத்தின் பின் கழிந்ததாகக் கொள்கிறது. (அங்கும் ஆசிரியத் தொழிலுக்கு விலக்குகள் உண்டு, அரசு தன் ஆசிரியர்களை எங்குமே எளிதில் நம்புவதில்லை போலும்.) குற்றம் புரிந்தவனுக்கே மறதியை அனுமதிக்கும் சட்டங்கள் உலகில் இருக்க, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவருக்கு அதை மறுப்பதை எவ்விதம் நியாயப்படுத்துவது?

பாதுகாப்புக்குக் கோப்பு வேண்டும் என்பார்கள். வேண்டுமாயின், அதை யார் திறந்தார், எதற்காகத் திறந்தார் என்ற குறிப்பும், நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அதே தாளில் இருக்கட்டும். வர்த்தமானியில் பெயருக்கும் அடையாள விவரத்துக்கும் இடம் ஒதுக்கியவர்கள், புத்தளத்தில் வழங்கப்பட்ட தீர்ப்புக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை.