பத்து மூச்சுக்கு ஒரு மணி

பொது சுகாதாரத்தில் ‘மக்கள் பங்கேற்பு’ என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் கேட்பது மக்களின் உழைப்பைத்தான். கணக்கை அவர்கள் கையில் கொடுப்பதில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவது நல்ல விஷயம். எங்க பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வேலைக்குப் போறவங்களுக்கு ஒருநாள் கூலி மிச்சம். ஆனால் விளம்பரங்களில் முன்னால் நிற்பது பயனாளிகளின் எண்ணிக்கை. மாநிலத்தின் 2020 ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. ஒவ்வொரு ஊரும் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இதுதான்.

சாதாரண ஜனங்க கணக்கெடுத்தா தரம் கெட்டுடும் என்பார்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு நிமோனியாவா என்று அறிய, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். ஐம்பது வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளிடம் மணிச்சட்டமும் ஒரு நிமிட மணல் கடிகாரமும் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி. மணல் தீருமுன் கடைசி மணி நகர்ந்தால் நிமோனியா.

எங்க சாஃப்ட்வேர் தொழிலிலும் இதே பாடம்தான்: பயன்படுத்துகிறவர் தடுமாறினால் திரையை மாற்று, ஆளைத் திட்டாதே.

கிராம சபையில் பெயர்கள் இல்லாமல் அந்த ஒரு எண்ணை மட்டும் வாசிக்கட்டும். போன தடவையைவிடக் குறைஞ்சிருந்தா ஊரே கேட்கும்: மாத்திரை வரலீங்களா, வந்தும் சாப்பிடலீங்களா? தரம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.