பொருள் சொல்லாத சாளரம்

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில், தெற்குக் குறுக்கு மண்டபத்தின் பெருஞ்சாளரம் 2007 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சையை வெறும் ஓவியச் சர்ச்சையாக நம்மால் கருத முடியவில்லை. அச்சாளரத்தில் புனிதர் எவரும் இல்லை, சிலுவையும் இல்லை. பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பக்கமுடைய 11,263 கண்ணாடிச் சதுரங்கள், 72 வண்ணங்கள், அவ்வளவே. எந்த வண்ணம் எதன் அருகே அமைய வேண்டும் என்பதைக் கணினி சீட்டுப் போட்டுத் தீர்மானித்தது.

இதை வடிவமைத்தவர் 1932இல் டிரெஸ்டனில் பிறந்த ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர். இரண்டாம் உலகப் போரில் பழைய சாளரம் அழிந்தபின் அங்கே எளிய கண்ணாடியே இருந்தது. பேராலய நிர்வாகத்தினர் முதலில் கேட்டது இருபதாம் நூற்றாண்டு மறைச்சாட்சிகளின் உருவங்களை. மாக்சிமிலியன் கோல்பே, எடித் ஸ்டெயின் போன்றோர் அவர்கள் எண்ணத்தில் இருந்தனர். ரிக்டர் முயன்று பார்த்துக் கைவிட்டார். 1974இல் தாம் தீட்டிய ‘4096 வண்ணங்கள்’ என்னும் ஓவியத்தின் படியொன்றின்மேல் சாளரத்தின் வடிவச் சட்டத்தை வைத்துப் பார்த்தபோதுதான் அவருக்கு வழி பிறந்தது.

அன்றைய பேராயர் கர்தினால் மைஸ்னர் திறப்பு விழாவுக்கு வரவில்லை. இது மசூதிக்கே மேலும் பொருந்தும் என்றும் அவர் கூறினார். இக்கூற்று நமக்கு ஏற்புடையதன்று. இஸ்லாமிய வடிவக்கலை கணக்கிட்டு அமைப்பது. குலுக்கலுக்கு அங்கு இடமில்லை. உருவமற்ற சாளரமோ நம் திருச்சபைக்கும் புதிதன்று. கொலோனுக்கு அருகிலேயே உள்ள அல்டன்பெர்க்கில், சிஸ்டர்சியன் துறவியர் உருவங்களை விலக்கி, இலையும் கோடும் கொண்ட வெளிர்நிறக் கண்ணாடிகளுக்குள்ளேதான் தலைமுறை தலைமுறையாகச் செபித்தனர்.

அப்படியானால் குற்றம் குலுக்கலிலா? அதுவும் இல்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் சீட்டின் வழியேதான். ஆயினும் அங்கே சீட்டு விழுமுன் செபம் இருந்தது; விழுந்தபின் அதன் தீர்ப்புக்குத் திருத்தூதர்கள் பணிந்தனர். ரிக்டர் அவ்வாறு பணியவில்லை. 72 வண்ணங்களையும் பேராலயத்தின் பழைய சாளரங்களிலுள்ள நிறங்களை ஒட்டித் தெரிந்தெடுத்தவர் அவர். நெடும்பட்டிகள் ஆறையும் இரண்டிரண்டாக, ஒன்று மற்றொன்றின் எதிர்பிம்பமாக அமைத்தவரும் அவரே. இதற்கும் மேலாக, கணினி தந்த அமைப்பில் தற்செயலாக ஏதேனும் உருவம் தோன்றிய இடங்களில் அதை மாற்றினார். நம்மை உறுத்துவது இதுவே. தற்செயல் தன்போக்கில் ஏதோ சொல்ல வாய் திறந்தபோது, அதன் வாயை மூடிவிட்டது மனிதக் கை. ஆகவே, “இது இயந்திரத்தின் வேலை, இதில் மனித எண்ணமே இல்லை” என்று புகழ்வோரும் பழிப்போரும் ஒருசேரத் தவறுகின்றனர். பொருள் எதுவும் இருத்தலாகாது என்ற உறுதியான எண்ணம் ஒன்று அதில் இருக்கிறது.

இந்த உறுதியை நாம் இழிவாகக் கருதவில்லை. வதைமுகாம்களின் சாவை அழகிய கண்ணாடியாக்கத் தயங்கிய ஓவியரின் கூச்சம் மதிக்கத்தக்கது. மலிவான உருக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். (நம் ஆலயங்கள் சிலவற்றில் காணும் அச்சுப்படச் சாயல்களை எண்ணிப் பார்க்கலாம்.) ஆனாலும் எடித் ஸ்டெயின் அந்நகருக்கு அந்நியர் அல்லர். 1933 முதல் 1938 வரை கொலோன் கார்மேல் மடத்தில் வாழ்ந்தவர். 1942இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டவர். முகமும் பெயரும் பறிக்கப்பட்டு வெறும் எண்ணாக்கப்பட்ட மாந்தருக்காகக் கேட்கப்பட்ட இடத்தில், முகமற்ற சதுரங்கள் வந்து அமர்ந்துள்ளன. சாளரத்தைச் சாளரமாக நாம் மகிழ்ந்து ஏற்போம். மறைச்சாட்சிகளுக்கு ஈடாக ஏற்க இயலாது.

சாளரமாக அது மிக நன்று. தெற்கு நோக்கியதாதலால் வெயில் ஏறும்போது வண்ணங்கள் தூண்களிலும் தரைக்கற்களிலும் இறங்கி, முழந்தாளிடுவோரின் தோள்மீதும் படிகின்றன. மேகம் மறைத்தால் அவை மங்கி, மீண்டும் வருகின்றன. அந்த வரிசையைக் கணினியும் அமைக்கவில்லை, ரிக்டரும் திருத்தவில்லை. அங்குச் செல்ல வாய்ப்புள்ளோர் நண்பகலை ஒட்டிச் செல்வது நலம்.