ஒற்றை விசிறி நடை

ஆளில்லாப் படகின் இரண்டு உந்துவிசிறிகளில் இடதுபக்கத்தது நின்றுபோனால் முதலில் காதுக்குத்தான் தெரியும்: இரட்டை ரீங்காரம் ஒற்றையாகிவிடும். வலது விசிறி மட்டும் தள்ள, மூக்கு இடப்பக்கம் இழுக்கும். அப்படியே விட்டால் செக்குமாடு மாதிரி வட்டமடிக்கும். உள்ளே இருக்கும் சின்னக் கணினி பதறுவதில்லை. வேகத்தைத் தணித்து, சுக்கானை வலப்பக்கம் நாலைந்து பாகை சாய்த்துப் பிடித்துக்கொள்கிறது. அலை தட்டினால் இன்னும் ஒரு பாகை. அடங்கினால் அரை பாகை தளர்வு. நொடிக்குப் பலமுறை திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற இந்தத் திருத்தங்களைக் கரையில் நிற்கிற நாம் கவனிப்பதேயில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கோணல் நடைதான். மூக்கு பார்ப்பது ஒரு பக்கம், படகு போவது கொஞ்சம் வேறு பக்கம். தலையில் குடம், இடுப்பில் குடமென்று வருகிறவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தே நேராக நடப்பார்களே, அந்தச் சாயல். பின்னால் மட்டும் நுரைக்கோடு, லேசான நெளிவோடு, போகவேண்டிய இடத்தை நோக்கி நீண்டுகொண்டிருக்கும்.