பேசாதிருக்கும் உரிமை

1943, ஜூன் 14. அமெரிக்காவில் அன்றைக்குக் கொடி நாள். நாடு உலகப்போரின் நடுவில் இருக்கிறது. அந்த நாளில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது: கொடிக்கு வணக்கம் வைக்கச் சொல்லிப் பள்ளிப்பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை. 'மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வி வாரியம் எதிர் பார்னெட்' என்பது வழக்கின் பெயர். எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். சட்ட மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கிற இந்தத் தீர்ப்பை நாம் உரைநடைக்காகப் படிக்கலாம். அதன் பலம் தெரியும். எழுதியவரே பின்னால் அதை எங்கே கைவிட்டார் என்பதும் தெரியும்.

பிரச்சினை இதுதான். யெகோவாவின் சாட்சிகளைப் பொறுத்தவரை கொடி வணக்கம் என்பது உருவ வழிபாடு. அவர்கள் பிள்ளைகள் மறுத்தார்கள். பள்ளி வெளியே அனுப்பியது. அனுப்பிவிட்டு, 'பிள்ளை ஏன் பள்ளிக்கு வரலை?' என்று பெற்றோர் மேலேயே வழக்கும் போடலாம்: 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை.

மூன்று வருஷம் முன்னால், 1940இல், கோபிடிஸ் வழக்கில் இதே நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றிருந்தது. எழுதியவர் ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். தேசிய ஒற்றுமைதான் தேசப் பாதுகாப்பின் அடித்தளம் என்பது அவர் வாதம். தீர்ப்பு வந்த சில நாளில் சாட்சிகளைத் தேடிக் கும்பல்கள் கிளம்பின. மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் ஊரில் அவர்கள் வழிபாட்டுக்கூடம் எரிக்கப்பட்டது.

ஜாக்சனுக்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. 'பாவம், இவர்கள் மதம் அப்படி, இவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுப்போம்' என்று எழுதியிருக்கலாம். அவர் அப்படி எழுதவில்லை. வணக்கம் வைப்பதே ஒரு பேச்சு, மனசில் இல்லாததைப் பேசச் சொல்ல அரசு யார் என்று கேட்டார். கேள்வி மதத்திலிருந்து பேச்சுக்கு நகர்ந்துவிட்டது. இப்போது பாதுகாப்பு சாட்சிகளுக்கு மட்டுமில்லை. கடவுளை நம்பாத பையனுக்கும் உண்டு, காரணமே சொல்லாமல் கை கட்டி நிற்கிற பெண்ணுக்கும் உண்டு. கட்டாயமாக ஒன்றுசேர்க்கப்பட்ட கருத்து கடைசியில் சுடுகாட்டு ஒற்றுமையாகத்தான் முடியும் என்று அவர் எழுதும் இடம் புகழ்பெற்றது. பரிதாபத்தைத் தூண்டாமல் கொள்கையை மட்டும் பேசுகிற அந்தத் தன்மைதான் எனக்குப் பிடித்தது.

எதிர்த் தீர்ப்பையும் படிக்க வேண்டும். எழுதியவர் அதே ஃபிராங்க்ஃபர்ட்டர். தான் ஒரு யூதர், வரலாற்றில் மிக அதிகம் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்தவர் என்று ஆரம்பிக்கிறார். வருஷம் 1943 என்பதை மறக்கக்கூடாது. ஆனால் சொந்த உணர்வுக்கு நீதிபதியின் நாற்காலியில் இடமில்லை, சட்டமன்றத்தின் முடிவை மதித்தே ஆகவேண்டும் என்று தன்னையே மறுத்துக்கொள்கிறார். இரண்டில் மனிதக் குரல் அதிகம் கேட்பது இதில்தான். முடிவு மட்டும் தப்பு.

இதே வாதம் 1958இல் வேறு உருவத்தில் வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலை அலபாமா மாநிலம் கேட்டது. அமைப்பு மறுத்தது, ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அன்றைய அலபாமாவில் அந்தப் பட்டியல் வெளியே வந்தால் வேலை போகும், அடி விழும். பட்டியலைத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஹார்லன். அரசமைப்பின் முதல் திருத்தத்தில் 'சங்கம்' என்கிற சொல்லே கிடையாது. பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் சேர்த்துவைத்து அந்த உரிமையை நீதிமன்றம் கட்டி எழுப்பியது. மதம், பேச்சு, சங்கம் மூன்றும் இந்த இரண்டு வழக்கிலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: அரசு கேட்டாலும் வாய் திறக்காமல் இருக்கலாம்.

எல்லோருக்குமா? அங்கேதான் சிக்கல். 1951இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்கு உடன்பட்டுத் தனியாக எழுதியவர்களில் ஜாக்சனும் ஒருவர். 1959இல் பாரன்பிளாட் என்ற ஆசிரியர், 'கட்சியில் இருந்தீர்களா?' என்ற நாடாளுமன்றக் குழுவின் கேள்விக்கு முதல் திருத்தத்தைக் காட்டிப் பதில் சொல்ல மறுத்தார். ஐந்துக்கு நான்கு என்று தோற்றார், ஆறு மாதம் சிறை. அந்தத் தீர்ப்பை எழுதியது யார் தெரியுமா? முந்தைய வருஷம் அலபாமா பட்டியலைக் காப்பாற்றிய அதே ஹார்லன். கம்யூனிசம் வந்தால் கணக்கு வேறு என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

இதனால் பார்னெட் சின்னதாகிவிடுமா? இல்லை என்றே நினைக்கிறேன். 1986இல் தேசியகீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளுக்காகத் தீர்ப்பெழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி, ஜாக்சனைத்தான் துணைக்கு அழைத்தார். பிரதி, எழுதினவரைவிட அதிக தூரம் போய்விட்டது. ஆனாலும் பார்னெட்டை மட்டும் படித்துவிட்டுப் புல்லரித்து எழுந்துவிடக் கூடாது. பக்கத்திலேயே பாரன்பிளாட்டையும் வைத்துப் படிக்க வேண்டும். முதலாவதில் பேசாமல் நின்றது பிள்ளைகள். இரண்டாவதில் பேசாமல் உட்கார்ந்திருந்தது, அன்றைக்கு எல்லோரும் பயந்த ஒரு ஆள்.